நாலாம் நம்பர் பஸ் வீட்டு விருந்தாளி

உலகத்தில் இதுவரை வண்டி ஓட்டிய அத்தனை பேரையும், கப்பல், விமானம், ராக்கெட் ஓட்டியவர்கள் உட்பட, ஒரு மைதானத்தில் வரிசையாக நிறுத்தினால் எங்கள் சித்தி முதல் இடத்தில் நிற்கமாட்டாள். இரண்டாம் இடத்திலும் நிற்கமாட்டாள். அவள் வரிசைக்கு வெளியே நின்று மற்றவர்களை எண்ணிக்கொண்டிருப்பாள். எண்ணி முடித்துவிட்டு, "ராக்கெட்காரங்கள்ல ஒருத்தர் குறையுது, யாரும் நகராதீங்க" என்பாள். அந்த ஆள் நிலாவிலேயே தூங்கிப்போயிருந்தாலும் போய் எழுப்பிக் கூட்டி வந்துவிடுவாள். சூரியன்கூட தினமும் எங்கள் தெரு முனையில் எட்டிப் பார்த்து, சித்தியின் பஸ் கிளம்பிவிட்டது என்று தெரிந்த பிறகுதான் மேலே ஏறுகிறது. இதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. சந்தேகப்படுகிறவர்கள் சூரியனையே கேட்டுக்கொள்ளலாம்.

சித்தி பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். நாலாம் நம்பர் பஸ். பதினொரு வருஷமாக அதே பஸ், அதே வழி. ஆறேகாலுக்கு டயரை ஒவ்வொன்றாக உதைத்துப் பார்ப்பாள். கண்ணாடியை நனைத்த செய்தித்தாளால் துடைப்பாள். ஹாரன் அடிக்கமாட்டாள், அதற்கு அவசியமே இல்லை. ஜன்னலைத் தள்ளி "ஏய் சைக்கிள்!" என்று ஒரு குரல் கொடுத்தால் பக்கத்துத் தெரு சைக்கிளும் சேர்ந்து ஓரமாகப் போகும்.

அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. ஒவ்வொரு நடை முடிந்ததும், கிளம்புவதற்கு முன்பும், எழுந்து கடைசி வரிசைவரை போவாள். அங்கிருந்து முன்னால் வரும்போது ஒவ்வொரு சீட்டின் தலையையும் இரண்டு விரலால் தட்டிக்கொண்டே வருவாள். ஆள் இருந்தாலும் தட்டு, இல்லாவிட்டாலும் தட்டு. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், ஒரு சின்னக் குழந்தை சீட்டுக்கு அடியில் தூங்கிவிட்டது. பஸ் ஷெட்டுக்கே போய்விட்டது. இருபது நிமிஷம்தான், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த இருபது நிமிஷத்தைச் சித்தி இன்னும் இறக்கி வைக்கவில்லை. "பாத்தாலே தெரியாதா, ஏன் தட்டுறே?" என்று ஒருமுறை கேட்டேன். "கண்ணு எப்பவும் அவசரத்துல இருக்கும். விரலுக்கு என்ன அவசரம்?" என்றாள்.

வீட்டிலும் அப்படித்தான். சாப்பாட்டுத் தட்டு வைக்கும்போது எண்ணுவாள். சித்தப்பா ஒன்று. அவர் ஆஸ்பத்திரி லாண்டரியில் வேலை செய்கிறார், ஒரு நாளைக்கு நானூறு படுக்கை விரிப்பு தேய்க்கிறார், ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசுகிறார். அவர்கள் மகன் இரண்டு. ஒன்பது வயது, அப்பா மிச்சம் வைக்கிற வார்த்தைகளையெல்லாம் அவன் பேசிவிடுவதால் பெயர் ரேடியோ. நான் மூன்று, பதினாறு வயது. என் அப்பாவும் அம்மாவும் வேறு ஊரில் வேலையில் இருப்பதால் சித்தி வீட்டில் இருக்கிறேன். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்துக்கு டாட்டா காட்டிவிட்டு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறேன். கடைசியாகச் சித்தி தன் நெஞ்சைத் தொட்டு "நாலு" என்பாள். டிரைவரையும் சேர்த்து எண்ணினால்தான் கணக்கு முடியும் என்பது அவள் சட்டம்.

இனி அந்த வாரத்துக்கு வருகிறேன்.

சித்தியின் பள்ளிக்கு அவ்வப்போது வெளிநாட்டு மாணவர்கள் ஒரு வாரம் வந்து தங்குவார்கள். வகுப்பில் உட்காருவார்கள், ஊர் சுற்றுவார்கள், மாணவர்களின் வீடுகளில் ஆளுக்கு ஒரு வீடாகத் தங்குவார்கள். சனிக்கிழமை விழா. விருந்தோம்பிய குடும்பங்களை மேடைக்கு அழைத்து ஒரு பட்டயம் கொடுத்துப் புகைப்படம் எடுப்பார்கள். பதினொரு வருஷத்தில் ஏழு முறை வந்திருக்கிறார்கள். ஏழு முறையும் அவர்களை விமான நிலையத்திலிருந்து கூட்டி வந்தவள் சித்தி. ஊர் சுற்றிக் காட்டியவள் சித்தி. யார் யாரோ வீட்டு வாசலில் பெட்டியை இறக்கி வைத்தவளும் சித்தி. விழா நேரத்தில் மட்டும் அவள் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பாள். குடும்பங்களை மேடைக்குக் கூப்பிடும்போது கைதட்டல் மைதானம் தாண்டிக் கேட்கும். ஏழு விழாக் கைதட்டலில் எது நீளம், எது குட்டை என்றுகூட அவளுக்குத் தெரியும். அவளும் ஒருமுறை மேடையேற ஆசைப்பட்டாள். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. கைதட்டலை ஏன் எண்ணுகிறாள் என்று யோசித்தால் ஜெராக்ஸ் கடைப் பெண்ணுக்கே புரிந்துவிடும்.

இந்த முறை பதினாறு பேர் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை பள்ளி மைதானத்தில் பெயர் கூப்பிட்டு ஒவ்வொருவரையும் ஒவ்வொரு காரில் ஏற்றினார்கள். பதினைந்து பேர் போனார்கள். பதினாறாவது ஒரு பெண், பதினைந்து வயது, கொடிக்கம்பத்துக்குத் தங்கைபோல உயரம், கையில் சிவப்புப் பெட்டி. அவளைக் கூட்டிப் போக வேண்டிய வீட்டில் அன்று காலைதான் பையனுக்கு அம்மை போட்டிருக்கிறது. ஏற்பாடுகளைக் கவனிக்கிற டீச்சர் ஒரு கையில் அட்டையும் ஒரு கையில் போனுமாக அலைந்துகொண்டிருந்தார். அந்த அட்டையை எப்போதும் கீழே வைப்பதில்லை என்பதால் ஊரே அவரை அட்டை டீச்சர் என்கிறது. சித்தி சீட்டுகளைத் தட்டி முடித்துவிட்டு இறங்கினாள். நடந்ததை அப்படியே குரல் மாற்றிச் சொன்னது ரேடியோ.

"டீச்சர், பாப்பா எவ்வளவு நேரமா நிக்குது?"

"இருங்க, போன் பண்ணிட்டுத்தானே இருக்கேன்."

"எல்லா வீட்டுக்கும் பண்ணிட்டீங்களா?"

"பண்ணிட்டேன். யாரும் எடுக்கல."

"எங்க வீட்டுக்குப் பண்ணலையே?"

அட்டை டீச்சர் நிமிர்ந்து பார்த்தாராம். "உங்க வீட்டுக்கா?"

"எங்க வீட்டுலயும் போன் இருக்கு டீச்சர். எம் பையனும் இங்கதான் படிக்கிறான்."

"அதுக்கில்லங்க. விதி இருக்கு. தனி ரூம் வேணும். படிக்க மேசை வேணும். பிள்ளை வீட்டுக்கு வரும்போது பெரியவங்க யாராவது இருக்கணும்."

"பிள்ளையே என்கூடத்தானே வரும். நான் பெரியவளா தெரியலையா?"

வேறு வழியில்லாமல் டீச்சர் ஒத்துக்கொண்டார், ஆனால் அட்டையில் குறித்துக்கொண்டு. புதன்கிழமை மாலை தலைமை ஆசிரியரும் அவரும் வீட்டைப் பார்க்க வருவார்கள். சரியில்லை என்றால் வியாழன் காலையில் பெண்ணைப் பெற்றோர் சங்கத் தலைவர் வீட்டுக்கு மாற்றிவிடுவார்கள். தலைவர் வீட்டில் ஏற்கெனவே ஒரு பையன் தங்குகிறான் என்றாலும் ஏழு அறை இருக்கிறது. மேடையிலும் தலைவர் பக்கத்தில்தான் அவள் நிற்பாள். சித்தி பழையபடி பஸ்ஸில்.

வீட்டுக்குள் வந்ததும் விருந்தாளி முதலில் பார்த்தது எங்கள் சோபாவை. அது சோபா இல்லை. பழைய மூன்றாம் நம்பர் பஸ்ஸை உடைத்தபோது சித்தி கேட்டு வாங்கி வந்த இரட்டை சீட். நீல ரெக்சின், சீட் பெல்ட்டோடு. சித்தப்பா அதற்குப் பலகையில் கால் வைத்துக் கொடுத்திருந்தார். பெண் அதில் உட்கார்ந்தாள், சுற்றிப் பார்த்தாள், பெல்ட்டை எடுத்து 'டக்'கென்று மாட்டிக்கொண்டாள்.

"அம்மா, நெட்டை கிளம்ப ரெடி!" என்றான் ரேடியோ.

"நெட்டை கிட்டைன்னு சொன்னே, பல்லு ஒவ்வொண்ணா எண்ணிக் கையில குடுப்பேன்," என்றாள் சித்தி. ஆனால் பெயர் நிலைத்துவிட்டது. மொழிபெயர்க்கிற போனில் அர்த்தம் பார்த்துவிட்டு நெட்டையே தன் நோட்டில் அதை எழுதி வைத்துக்கொண்டாள்.

வீட்டில் இரண்டு படுக்கை அறை. சித்தி சித்தப்பா அறை நெட்டைக்குப் போனது. மற்ற அறையில் நானும் ரேடியோவும், ஆளுக்கு ஒரு கட்டில். சித்தியும் சித்தப்பாவும் ஹாலில் பாய் விரித்துக்கொண்டார்கள். மேசைக்கு என்ன செய்வது என்று யோசித்தபோது சித்தப்பா அன்றைய நாலு வார்த்தையில் இரண்டைச் செலவழித்தார்: "தேய்க்கிற பலகை." அது உயரத்தை ஏற்றி இறக்குகிற பலகை. நெட்டை அதை உச்சத்தில் ஏற்றி நின்றுகொண்டே எழுதினாள். வாழ்க்கையில் முதல்முறையாகக் குனியாமல் எழுதுகிறேன் என்று போன் வழியாகச் சொன்னாள்.

திங்கள் காலை சித்தி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். பதினொரு வருஷம் கிளட்ச் மிதித்த முதுகு. என்ன என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல, போய்ப் பல்லு விளக்கு," என்றாள்.

நான் கடைக்குப் போனேன். பள்ளிக்கூடத்தின் சுற்றறிக்கைகளை எங்கள் கடையில்தான் அச்சடிக்கிறார்கள். பள்ளியின் பெயரும் முத்திரையும் போட்ட முகப்புத்தாள் கணினியிலேயே இருக்கிறது. இப்படி ஒரு வாய்ப்பு கைக்குள் வந்து உட்கார்ந்திருக்கும்போது அதை அப்படியே அனுப்பி வைக்க நான் என்ன சாமியாரா? 'விருந்தினர் மாணவர் பராமரிப்பு விதிகள்' என்று தலைப்புப் போட்டேன். 'இதனால் அறிவிக்கப்படுவது என்னவென்றால்' என்று ஆரம்பித்தேன். அப்படி ஆரம்பித்தால் யாரும் சந்தேகப்படுவதில்லை.

முதல் விதி, விருந்தினர் இருக்கும் வீட்டில் யாரும் உரக்கக் கத்தக் கூடாது. மூன்றாவது, டிவி ரிமோட் பதினாறு வயது நிறைந்தவரின் பொறுப்பில் இருக்க வேண்டும். நாலாவது, பாத்திரம் கழுவும் பணியை வீட்டின் ஆண்கள் ஏற்க வேண்டும். ஆறாவதுதான் என் வாழ்நாள் சாதனை: 'விருந்தினர் நாட்டு மரியாதைப்படி, யார் தும்மினாலும் மற்ற அனைவரும் எழுந்து நிற்க வேண்டும்.' பத்தாவது, படுக்கை சம்பந்தமானது. அதில் சுவாரஸ்யம் ஒன்றுமில்லை.

மாலையில் அதை ரேடியோவின் பைக்குள் சொருகிவிட்டேன். சித்தி எடுத்துப் படித்தாள். மேலிருந்து கீழே ஒருமுறை, கீழிருந்து மேலே ஒருமுறை. பிறகு ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினாள்.

அன்றைக்கே நெட்டைக்கு ஜலதோஷம் பிடித்தது. என் அதிர்ஷ்டத்தை என்ன சொல்ல! சாப்பிடும்போது மட்டும் பதினொரு தும்மல். ஒவ்வொன்றுக்கும் சித்தி எழுந்தாள், சித்தப்பா எழுந்தார், ரேடியோ நாற்காலி மேலேயே எழுந்தான். நெட்டை முதலில் திகைத்தாள், பிறகு முதல்முறையாகச் சிரித்தாள். இது இந்த வீட்டு மரியாதை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். அடுத்து சித்தப்பா தும்மியபோது முதலில் எழுந்து நின்றவள் அவள்தான். நான் உள்ளே போய்த் தலையணையில் வாயை வைத்துச் சிரித்துவிட்டு வந்தேன். சித்தப்பா பாத்திரம் கழுவினார். ரிமோட் என் மடியில் இருந்தது. இரவுப் படுக்கைக்கு ஹாலில் இருந்த பஸ் சீட் எனக்கு ஒதுக்கப்பட்டது, விதிப்படி.

செவ்வாய்க்கிழமை எல்லோரையும் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போனார்கள். பஸ்ஸில் கதவு பார்க்கிற அக்கா விடுப்பில் இருந்ததால், கடைக்கு லீவு சொல்லிவிட்டு நான் போனேன். விருந்தாளிகள் பதினாறு, வீட்டுப் பிள்ளைகள் பதினாறு, அட்டை டீச்சரோடு இரண்டு டீச்சர்கள், நான், சித்தி. முப்பத்தாறு.

திரும்பும்போது நேரமாகிவிட்டது. சங்கத் தலைவர் பள்ளியில் எல்லோருக்கும் தேநீர் ஏற்பாடு செய்துவிட்டுக் காத்திருந்தார். அட்டை டீச்சர் அவசர அவசரமாகப் பெயர் படித்தார். எல்லாப் பெயருக்கும் "பிரசன்ட்" வந்தது. "எல்லாரும் இருக்காங்க, எடுங்க" என்றார்.

சித்தி இன்ஜினைப் போடவில்லை. எழுந்து கடைசி வரிசைக்குப் போனாள். தட்டிக்கொண்டே வந்தாள். முன்னால் வந்து நின்று தன் நெஞ்சைத் தொட்டாள்.

"முப்பத்தஞ்சு. ஒண்ணு குறையுது டீச்சர்."

"அதெப்படிக் குறையும்? இப்பதானே படிச்சேன். டிக் பாருங்க, எல்லாம் இருக்கு."

"டிக் இருக்கு. தலை இல்ல."

"நீங்க தப்பா எண்ணியிருப்பீங்க. தலைவர் அங்க மூணு தடவை போன் பண்ணிட்டாருங்க. வண்டியை எடுங்க."

"ஆள் குறைய நான் வண்டி எடுத்ததில்ல டீச்சர். வேற டிரைவர் வேணும்னா கூப்பிட்டுக்கோங்க, சாவி இதோ."

 நாளைக்கு இதே டீச்சர்தான் அட்டையோடு வீடு பார்க்க வரப்போகிறார்.  சித்தி மறுபடியும் பின்னால் போனாள், மறுபடியும் தட்டிக்கொண்டு வந்தாள். இந்த முறை தலைவர் மகன் சீட்டில் விரல் நின்றது. அவன் பக்கத்து சீட் காலி.

"ஏன்டா கண்ணு, உன் விருந்தாளி எங்க?"

அவன் காது சிவந்துவிட்டது. "அவன்... முன்னாடி வேன்ல போயிருப்பான்னு நெனச்சேன் ஆன்ட்டி."

"எந்த வேன்? நாம வந்தது ஒரே வண்டி. அப்ப 'பிரசன்ட்' சொன்னது யாரு?"

"நான்தான். வகுப்புல எப்பவும் சொல்ற மாதிரி வாய் தானா சொல்லிருச்சு."

எங்கள் ஊர் வகுப்பறைகளில் வராத நண்பனுக்காகக் குரல் மாற்றி ஆஜர் கொடுப்பது ஒரு தர்மம். நானே ஒருகாலத்தில் மூன்று பேருக்குக் கொடுத்திருக்கிறேன். ஆனால் வேறு தேசத்திலிருந்து வந்தவனுக்கும் சேர்த்து ஆஜர் கொடுத்தது இவன் ஒருவன்தான். அட்டை டீச்சர் முகத்தில் இரத்தமே இல்லை.

அருங்காட்சியகக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்கள். காவலாளி, "உள்ள யாருமே இல்லம்மா, நானே விளக்கெல்லாம் அணைச்சிட்டேன்," என்றார். "நீங்க பாத்தீங்க, நான் தட்டிப் பாக்கணும்," என்று சொல்லிச் சித்தி உள்ளே நடந்தாள். நானும் டீச்சரும் பின்னால் ஓடினோம். யானை எலும்புக்கூடு இருக்கிற கூடத்தில் யாருமில்லை. கழிவறையில் இல்லை. படம் போட்டுக் காட்டுகிற அறை இருட்டாக இருந்தது, வரிசை வரிசையாக மெத்தை நாற்காலிகள். சித்தி அந்த இருட்டில் கடைசி வரிசைக்குப் போனாள். பஸ்ஸில் செய்வதுபோலவே இரண்டு விரலால் நாற்காலித் தலைகளைத் தட்டிக்கொண்டு வந்தாள். டப். டப். டப். மூன்றாவது வரிசையில் ஒரு நாற்காலி "ம்ம்?" என்றது.

அது பையனின் தலை. காதில் பாட்டு மாட்டிக்கொண்டு, படம் பார்க்கும்போதே சரிந்து தூங்கியிருக்கிறான். நாங்கள் போயிருந்தால் காலைவரை பூட்டிய இருட்டுக்குள் இருந்திருப்பான். சித்தி அவன் கன்னத்தைத் தட்டி எழுப்பி, "பஸ், கம், தூக்கம் ஃபினிஷ்," என்றாள். பஸ் படியில் அவனை ஏற்றும்போது உரக்கச் சொன்னாள்: "முப்பத்தாறு."

அட்டை டீச்சர் பள்ளிவரை அட்டையைத் திருப்பி மடியில் வைத்துக்கொண்டே வந்தார்.

இதற்குப் பிறகு சோதனையே இருக்காது என்று நான் நினைத்தேன். ஆனால் விதி என்றால் விதி. புதன்கிழமை மாலை தலைமை ஆசிரியரும் டீச்சரும் வந்துவிட்டார்கள். சித்தி வீட்டை மூன்று முறை துடைத்திருந்தாள். சித்தப்பா இருந்த துணிகளிலேயே மொடமொடப்பான சட்டையைப் போட்டு, விரிப்பு மாதிரி மடிப்புக் கலையாமல் நின்றார். எனக்கு ஒரே பயம்தான். ஃப்ரிட்ஜில் அந்தத் தாள். தலைமை ஆசிரியர் தன் பள்ளியின் முகப்புத்தாளில் என் விதிகளைப் படித்தால் என் வேலை போகிறது இருக்கட்டும், கள்ளத் தாளை நம்பிக் குடும்பத்தோடு எழுந்து எழுந்து உட்கார்ந்தவள் என்று சித்தியை ஊரே சிரிக்கும். மேடை என்ன, பஸ்ஸில்கூட நிம்மதியாக உட்கார முடியாது. கிழித்துவிடலாம் என்று சமையலறைக்கு ஓடினேன். ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் மட்டும் இருந்தது. தாளைக் காணோம். காற்றில் விழுந்திருக்கும் என்று காற்றுக்கு நன்றி சொன்னேன்.

தலைமை ஆசிரியர் அறையைப் பார்த்தார். "தனி அறை, சரி." தேய்க்கிற பலகையைப் பார்த்தார். "இது மேசையா?"

நெட்டை பலகையின் பிடியை அழுத்தி உயர்த்திக் காட்டினாள், தாழ்த்திக் காட்டினாள், மறுபடியும் உயர்த்தி நோட்டை வைத்து எழுதிக் காட்டினாள். ஒரு கடைக்காரர்கூடப் பொருளை அவ்வளவு நன்றாக விற்றிருக்கமாட்டார். தலைமை ஆசிரியர் கன்னத்தைச் சொறிந்துகொண்டு ஹாலுக்கு வந்தார்; சித்தப்பாவைத் தவிர எல்லோரும் வந்து உட்கார்ந்தார்கள். உட்கார்ந்ததும், மூன்று முறை துடைத்த தரையின் மருந்து வாசனையோ என்னவோ, ஒரு பெரிய தும்மல் போட்டார்.

நெட்டை எழுந்து நின்றாள். ரேடியோ எழுந்தான். சித்தப்பா ஏற்கெனவே நின்றுகொண்டிருந்ததால் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தார். சித்தி நாற்காலியை விட்டு எழுந்தாள். எல்லோரும் எழுந்ததைப் பார்த்து அட்டை டீச்சரும் எழுந்துவிட்டார். தலைமை ஆசிரியர் அடுத்த தும்மலைப் பாதியில் நிறுத்திக்கொண்டு எங்களைச் சுற்றிப் பார்த்தார்.

"எதுக்கு எல்லாரும் எந்திரிச்சீங்க?"

ரேடியோ வாயைத் திறந்தான். என் உயிர் அந்த வாயில் இருந்தது. அதற்குள் சித்தி சொன்னாள்: "எங்க வீட்டுப் பழக்கம் சார். ஒருத்தருக்கு உடம்புக்கு என்னன்னு எல்லாரும் எந்திரிச்சுப் பாப்போம்."

"அப்படியா!" என்றார் அவர். "நல்ல பழக்கமா இருக்கே."

பிறகு அவர் நெட்டையிடம் ஆங்கிலத்தில் கேட்டார். சங்கத் தலைவர் வீட்டில் பெரிய அறை இருக்கிறது, மேசை இருக்கிறது, தோட்டம் இருக்கிறது; நாளைக்கு அங்கே போக விருப்பமா? யோசித்துச் சொல்லலாம், யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள்.

சித்தி சமையலறை வாசலில் நின்றாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். கையில் ஈரமே இல்லை.

நெட்டை சித்தப்பாவைக் கை காட்டி, எங்கள் மொழியில், "ஒண்ணு," என்றாள். ரேடியோவைக் காட்டி, "ரெண்டு." என்னைக் காட்டி, "மூணு." சித்தியைக் காட்டி, "நாலு." மூன்று நாள் சாப்பாட்டு நேரத்தில் கேட்டுக் கேட்டுப் படித்தது. கடைசியில் தன் நெஞ்சைத் தொட்டாள், சித்தி தொடுகிற அதே இடத்தில்.

"அஞ்சு."

சொல்லிவிட்டுப் பஸ் சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டை 'டக்'கென்று மாட்டிக்கொண்டாள். இனிமேல் வேண்டுமானால் சீட்டோடு தூக்கிக்கொண்டு போங்கள் என்பதுபோல.

தலைமை ஆசிரியர் சிரித்தார். அட்டை டீச்சர் படிவத்தை அவரிடம் நீட்டும்போது மெதுவாகச் சொன்னார்: "சார், நேத்து இவங்க எண்ணலைன்னா நாம இன்னிக்கு போலீஸ் ஸ்டேஷன்ல இருந்திருப்போம்." அவர் கையெழுத்துப் போட்டார். சித்தி, "அடுப்புல ஏதோ இருக்கு," என்று உள்ளே போனாள். அடுப்பு எரியவே இல்லை என்று எனக்குத் தெரியும், நான்தான் அணைத்தேன்.

சனிக்கிழமை விழாவுக்குச் சித்தி பட்டுப் புடவை கட்டவில்லை. முடிந்ததும் பஸ் எடுக்க வேண்டுமே. தன் காக்கிச் சட்டையைத்தான் போட்டாள். ஆனால் அதைச் சித்தப்பா முக்கால் மணி நேரம் தேய்த்திருந்தார். அந்தச் சட்டையின் மடிப்பில் காய்கறி நறுக்கலாம்.

ஒவ்வொரு குடும்பமாகக் கூப்பிட்டார்கள். சங்கத் தலைவர் குடும்பம், டாக்டர் குடும்பம், வங்கி மேலாளர் குடும்பம். எங்கள் முறை வந்தபோது அட்டை டீச்சர் அட்டையைப் பார்க்காமலே ஒலிபெருக்கியில் சொன்னார்: "நாலாம் நம்பர் பஸ் குடும்பம்!" அந்தப் பஸ்ஸில் போய் வருகிற பிள்ளைகள் எல்லாம் பெஞ்ச் மேல் ஏறி விசில் அடித்தார்கள். முதலில் தட்ட ஆரம்பித்தது தலைவர் மகன், கடைசிவரை நிறுத்தாதது அவன் விருந்தாளி. எட்டு விழாவில் அதுதான் நீளமான கைதட்டல். இந்த முறை எண்ணியது நான்.

கடைசியில் எல்லாக் குடும்பங்களும் சேர்ந்து ஒரு புகைப்படம். புகைப்படக்காரர் "ரெடி" என்றார். சித்தி கையைத் தூக்கி அவரை நிறுத்திவிட்டாள். வரிசையை விட்டு முன்னால் வந்து, இடது கோடியிலிருந்து எண்ணினாள். தலைவர், டாக்டர் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணப்பட்டார்கள்.

"ஒண்ணு குறையுது," என்றாள். "டீச்சர், நீங்க எங்க அங்க நிக்கிறீங்க? அந்த அட்டையக் கீழ வச்சிட்டு மேல வாங்க."

இத்தனை வருஷமும் எல்லோரையும் வரிசையில் நிறுத்திவிட்டு, ஒரு படத்தில்கூட இல்லாமல் ஓரமாக நின்றவர் அவர். முதல்முறையாக அட்டையைக் கீழே வைத்தார். அந்தப் படம் இப்போது எங்கள் ஃப்ரிட்ஜில் இருக்கிறது. சித்தி நடுவில், கொஞ்சம் கண்டிப்பாக, யாரும் நகராதீங்க என்கிற மாதிரி. பக்கத்தில் நெட்டை, தலை பாதி படத்துக்கு வெளியே.

ஞாயிறு காலை விமான நிலையத்தில் பதினாறு பேரையும் இறக்கினோம். நெட்டை கடைசியாக இறங்கினாள். இறங்குமுன் கடைசி வரிசைவரை போய், எல்லா சீட்டையும் தட்டிக்கொண்டு வந்து, சித்தியின் தோளையும் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள். சித்தி கண்ணாடி சரி செய்கிறவள்போல வெகுநேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காலி பஸ்ஸில் நாங்கள் இரண்டு பேர். சித்தி சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து என் மடியில் போட்டாள். பிரிக்காமலே எனக்கு அது என்னவென்று தெரிந்துவிட்டது.

"இதுல எட்டாவது விதி எங்கடி?"

பிரித்துப் பார்த்தேன். ஏழு இருந்தது. அதற்குக் கீழே ஒன்பது. பத்து விதி எழுதியதாகத்தான் ஒரு வாரம் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

"எங்கிட்டயே எண்ணிக்கையில ஏமாத்தப் பாத்தியா? படிச்ச அன்னிக்கே தெரியும். ஒண்ணு குறையுதேன்னு மறுபடி படிச்சேன். அப்புறம்தான் ரிமோட் விதி கண்ணுல பட்டுச்சு. பதினாறு வயசு நிறைஞ்சவராம்!"

"அப்ப தாளை எடுத்தது..."

"காத்துன்னு நெனச்சியாக்கும்."

"தெரிஞ்சுமா எந்திரிச்சு எந்திரிச்சு நின்னே?"

"பொண்ணு வந்ததுலேர்ந்து சிரிக்கவே இல்ல. அன்னிக்கு நாங்க எந்திரிச்சதும் சிரிச்சுது பாரு, அதுக்காக நின்னேன். உங்க சித்தப்பா ஒரு வாரம் பாத்திரம் கழுவினாரு, அதுக்காகவும் நின்னேன்." சாவியைத் திருகப் போனவள் நிறுத்தினாள். "எல்லா விதியிலயும் உனக்கு ஒரு லாபம் இருக்கு. பத்தாவதுல மட்டும் இல்லையே, ஏன்?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சித்தி தாளைப் பார்க்காமலே ஒப்பித்தாள்: "'வீட்டுத் தலைவி தரையில் படுப்பது விருந்தினருக்கு அவமரியாதை. அவருக்குக் கட்டில் தரப்பட வேண்டும். கட்டிலை விட்டுக்கொடுப்பவர் ஹால் சீட்டில் படுப்பார்.' எந்த நாட்டு மரியாதைடி அது? ஒரு வாரமா அந்தச் சீட்டுல முழங்காலை மடக்கிப் படுத்தியே, கழுதை, என் முதுகு வலிக்குதுன்னு யாரு சொன்னா உனக்கு?"

புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பஸ்ஸில் சரியான தூசி. அதை மறைக்க, இருந்த சக்தியையெல்லாம் கூட்டி ஒரு தும்மல் போட்டேன்.

சித்தி டிரைவர் சீட்டிலிருந்து அசையவே இல்லை.

"பொய்த் தும்மலுக்கு எந்திரிக்கணும்னு விதியில இல்ல," என்று சொல்லி வண்டியைக் கிளப்பினாள்.